வீட்டுக்கும் கடைக்கும் ஒரே கை

சிங்கவரம், செஞ்சி, மேலச்சேரி பக்கங்களில் வீடோ கடையோ கட்டவிருக்கும் குடும்பத்தாருக்கும், அவர்களுக்கு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கும், கட்டிக்கொடுக்கும் மேஸ்திரிகளுக்கும்,



வீட்டையும் வணிக இடத்தையும் ஒரே வடிவமைப்பாளர் கையாள்வது சிற்றூர்களில் புதிய செய்தியல்ல. சென்னை, கோவை போன்ற நகரங்களில் வீட்டு உள்ளலங்காரத்துக்கு ஒருவர், துணிக்கடை ஷோரூமுக்கு ஒருவர், உணவகத்துக்கு இன்னொருவர் என்று தொழில் பிரிந்துவிட்டது. செஞ்சி அளவிலான ஊரில் அப்படிப் பிரிவதற்கு இடமில்லை. திருவண்ணாமலை சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் பல மனைகளில் முன்னால் கடை, பின்னால் வீடு. அல்லது கீழே கடை, மேலே வீடு. கோயில் அடிவாரச் சிற்றூர்களில் பூவும் தேங்காயும் விற்கும் கடை பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையாகவே இருக்கும். இரண்டு பயன்களும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும்போது, அவற்றைத் தனித்தனியாக யோசிக்கும் பழக்கம் நட்டத்தில்தான் முடியும்.

இதைப் பேச இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்துறைக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். 1677இல் சிவாஜி கைப்பற்றி, 1698 வரை மராட்டியர் வைத்திருந்த கோட்டை என்ற வகையில் அந்தப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் கோட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இனி ஓர் இரவு தங்கவும் எண்ணலாம். அவர்களில் சிலர் சிங்கவரம் மலையேறி, பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் எடுத்த குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரையும், அருகில் திருநாதர்குன்றில் பாறை முகப்பில் செதுக்கிய இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் பார்க்க வருவார்கள். அப்போது வீடுகள் டீக்கடையாகும், உணவகமாகும், தங்கும் விடுதியாகும். அந்த மாற்றத்தைத் தாங்கும் விதத்தில் கட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கும் வணிக இடத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு ஆட்களின் கணக்கு. வீட்டில் நாலைந்து பேர் முப்பது நாற்பது ஆண்டுகள் புழங்குகிறார்கள். கடையில் நூறு பேர் வந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் நின்று போகிறார்கள். வீட்டில் இருப்பவருக்குச் சுவிட்ச் எங்கே, படி எங்கே என்பது இருட்டிலும் தெரியும். கடைக்கு வருகிறவர் முதல் முறையாக வருகிறவர். அவருக்கு எல்லாம் கண்ணில் பட வேண்டும். சுமை, படிக்கட்டு, வெளிச்சம், தரை, கழிவறை ஆகிய எல்லாவற்றின் அளவும் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கிறது.

சுமையை எடுத்துக்கொண்டால், கட்டடங்கள் தாங்க வேண்டிய பளுவை வகுத்துள்ள இந்தியத் தர நிர்ணயம் 875, வீட்டு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்று வைக்கிறது. சில்லறைக் கடைக்கும் உணவகத்துக்கும் அது 400 கிலோ, அதாவது இரு மடங்கு. கிடங்கு என்றால் குறைந்தது 750 கிலோ. அடுக்கும் உயரம் கூடக்கூட அதுவும் கூடும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை ஒட்டி நெல்லும் மணிலாவும் புரளும் ஊர் இது. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் இடம் பிடிக்கும். பத்து மூட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ இறங்குகிறது. தரைத்தளத்தில் அதை மண் தாங்கிக்கொள்ளும். மாடியில், படுக்கையறைக்கென்று போட்ட தளத்தில் அதே அடுக்கை ஏற்றினால் சீலிங்கில் முதலில் மயிரிழை வெடிப்பு விழும். பிறகு மழைக்காலத்தில் அந்த வெடிப்பு வழியாக ஈரம் கம்பிக்குப் போகும்.

சுவரின் கதையும் இதேதான். பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே தளத்தைத் தாங்குகிறது; தூண் கிடையாது. முன்னறைச் சுவரைப் பத்தடி அகலத்துக்கு உடைத்து ஷட்டர் மாட்டினால், அந்தச் சுவர் ஏந்திக்கொண்டிருந்த பளு எங்கே போவது என்று யாராவது ஒருவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பல இடங்களில் பழைய லிண்டலை நீட்டிவிட்டு, அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு அறையை ஒன்றாக்கி ஹால் பிடிப்பதும் இதே ஆபத்துதான். கம்பிக்கணக்குத் தெரிந்த பொறியாளரிடம் ஒருமுறை காட்டுவதற்கு ஆகும் செலவு, ஷட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

படிக்கட்டுக்கு வருவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படியின் உயரத்தை அதிகபட்சம் 190 மில்லிமீட்டர் என்றும் மிதியை 250 மில்லிமீட்டர் என்றும் அனுமதிக்கிறது. பொதுமக்கள் ஏறும் கட்டடங்களில் உயரம் 150ஐத் தாண்டக்கூடாது. மிதி 300 இருக்க வேண்டும். வீட்டுப் படிக்கட்டை அப்படியே மாடி உணவகத்துக்கு வழியாக்கும்போது, தட்டோடு இறங்கும் பையன்களும் முழங்கால் வலியோடு ஏறும் பெரியவர்களும் அந்த நாற்பது மில்லிமீட்டரை ஒவ்வொரு படியிலும் உணர்கிறார்கள். படிக்கட்டைப் பிறகு மாற்றுவது தளத்தையே உடைப்பதற்குச் சமம். பின்னாளில் மாடி வாடகைக்குப் போகக்கூடும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும், தொடக்கத்திலேயே நீளமான, தாழ்ந்த படி போட்டுவிடுவது நல்லது.

வெளிச்சத்தில் இரண்டும் எதிரெதிர். வீட்டுக்கு மஞ்சள் சாய்ந்த, கண்ணை உறுத்தாத 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கு பொருந்தும். துணிக்கடையில் சேலையின் நிறம் தெருவில் பார்த்தபோதும் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு 4000 கெல்வினுக்குப் பக்கத்தில், நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான சி.ஆர்.ஐ. எண் 90ஐ ஒட்டிய விளக்கு வேண்டும். கடைகளில் வழக்கமாக நடப்பது வேறு. வெள்ளை வெளேரென்று நீலம் பாய்ந்த டியூப்களை வரிசையாக மாட்டிவிடுகிறார்கள். மெரூன் சேலை கறுப்பாகத் தெரிகிறது. வாங்கியவர் மறுநாள் மாற்றக் கொண்டுவருகிறார். வீட்டிலும் இதே டியூப்கள் கூடத்தை மருத்துவமனைக் காத்திருப்பு அறையாக்கிவிடுகின்றன.

இத்தனை வேறுபாட்டுக்கு நடுவே இரண்டுக்கும் பொதுவானவை வெயில், காற்று, மழை ஆகிய மூன்றும். செஞ்சியைச் சூழ்ந்த குன்றுகள் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவு வெகுநேரம் வரை வெளிவிடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஏழு மணிக்கும் மேற்குச் சுவரில் கை வைக்க முடிவதில்லை. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை வடக்கும் கிழக்கும் பார்த்த சன்னல்களில் சாய்ந்து அடிக்கிறது. இதற்குத் தக்கபடி வீட்டைத் திருப்பிக்கொள்ள முடியும்: படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை மூன்றையும் மேற்கில் தள்ளிவிட்டால் படுக்கையறைக்கு வெயில் எட்டாது. கடைக்கோ திசை தேர்வு கிடையாது. சாலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் அது பார்க்கும். மேற்குப் பார்த்த கடையில் மாலை மூன்று மணிக்குமேல் வெயில் கல்லாவரை வந்துவிடும். உடனே ஒரு தார்ப்பாய் கட்டப்படும், பிறகு தகரம், அதன் பிறகு நெகிழிப் பதாகை. ஆறேழு அடி ஆழமுள்ள தாழ்வாரம் ஒன்றை முகப்பிலேயே கட்டிவிட்டால் இவற்றில் எதுவும் தேவைப்படாது. வாஸ்து, மனையடி பார்க்கிறவர்கள் வாசலின் அங்குலத்துக்கு நாள்கணக்கில் விவாதிக்கிறார்கள். இந்தத் தாழ்வாரத்தின் ஆழத்தைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை.

வெயிலை மட்டும் வைத்து ஒரு கட்டடத்தை எப்படி யோசிக்கலாம் என்பதற்கு எழுபது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் ஒரு பாடம் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களின் தொடக்கத்தில் முடிந்தது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். களத்தில் நின்று பார்த்துக்கொண்டவர்கள் ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிஷெக் சாமரும். ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாக நிஜாமிடமிருந்து வந்த ஒரு லட்ச ரூபாய் நன்கொடையால் அந்தப் பெயர். இந்தியாவின் தொடக்ககாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றான அது, கான்கிரீட்டின் பெரிய குறையான சூட்டை நேருக்கு நேர் சந்தித்தது. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகள். அவற்றில் கண்ணாடிச் சன்னலே இல்லை. மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். அறைக்காரர் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் வெளிச்சமும் காற்றும் வேண்டிய அளவு வரும். மழை வந்தால் மூடிக்கொள்ளலாம். வடக்கே நடைவழி, தெற்கே அறைகள். இரண்டுக்கும் நடுவே தேக்குச் சட்டங்கள் வைத்த நகரும் கதவு: பார்வையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டுள்ளன. சூடு அந்த இடைவெளிக் காற்றில் தங்கிப் போய்விடுகிறது. உட்சுவர்களில் செட்டிநாட்டுப் பாணிச் சுண்ணாம்புப் பூச்சு. முகப்பில் உள்ள அந்தத் திருப்பும் பலகைகள் கல்நார் கலந்த சிமென்டால் ஆனவை. இன்று யாரும் கல்நாரைத் தொடக்கூடாது, மரத்திலோ அலுமினியத்திலோ செய்யலாம்.

கோல்கொண்டே வீடா, விடுதியா? அங்கே குடியிருக்கிறவர்களுக்கு வீடு, நடத்துகிறவர்களுக்கு விடுதி. செஞ்சியில் மாடியறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட எண்ணுகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று, தளத்துக்குமேல் ஒரு காற்று இடைவெளி. தகரக் கொட்டகையானாலும் ஓடானாலும் அந்த இடைவெளி ஏ.சி. செலவைக் குறைக்கும். மற்றொன்று, மூடிய கதவுக்குள்ளும் காற்று புகும் ஏற்பாடு. நாகஷிமா பின்னாளில் அமெரிக்காவுக்குத் திரும்பி மரத்தச்சராகப் பெயர்பெற்றார். 1960களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகவும் மரச்சாமான்கள் வடிவமைத்தார். கட்டடத்தில் தொடங்கி நாற்காலியில் முடிந்த அந்தப் பயணத்தில் வீடு, பொது இடம் என்ற கோடு எங்குமே இல்லை.

கோட்டைக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மஹாலும் தானியக் களஞ்சியமும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. கல்யாண மஹால் ஆள் புழங்கக் கட்டியது: நடுவே முற்றம், சுற்றிலும் சிற்றறைகள், வளைவு வளைவாகத் திறந்த தாழ்வாரங்கள், கூம்பிய கூரையோடு அடுக்கடுக்காக உயரும் கோபுரம், வெளியே இருந்து மண்குழாய் வழியாகத் தண்ணீர். களஞ்சியம் பொருள் புழங்கக் கட்டியது: பருத்த சுவர், வளைவுக் கூரை, குறைந்த திறப்பு. கல், செங்கல், சுண்ணாம்பு என்ற அதே பொருள்களை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் காற்றை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் ஈரமும் எலியும் வராமல் அடைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப் போகிறவர்கள் ஒன்றின் உயரத்தைப் பார்த்துவிட்டு மற்றொன்றைக் கடந்துவிடுகிறார்கள். கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இரண்டாவதிலும் பார்க்க வேண்டியது நிறைய.

வீட்டையும் வணிக இடத்தையும் ஒரே கண்ணோடு பார்த்தவர் என்று தெற்காசியாவில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கொழும்பு ஜெஃப்ரி பாவா. 1919இல் பிறந்து, வழக்குரைஞராகி, முப்பத்தெட்டாம் வயதில் 1957இல்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர், 2003இல் மறைந்தார். அவருடைய ஒரு கட்டடத்தின் வரலாற்றை மட்டும் பார்த்தாலே போதும். கொழும்பு அல்பிரட் ஹவுஸ் சாலையில் 1960களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்காக வீடு வரைந்தார். வேலை முடியும் காலத்தில் நிலைமை மாறியது. அதையே தம் அலுவலகமாக்கிக்கொண்டார். 1990களின் பிற்பகுதியில் அது 'கேலரி கஃபே' என்ற உணவகமானது. இன்றும் அப்படியே நடக்கிறது. வீடு, அலுவலகம், உணவகம் என மூன்று பயன். நடுவில் இடித்துக் கட்ட வேண்டி வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மனை நீண்டு குறுகியது. அதை அவர் அறை அறையாக வெட்டாமல் முற்றம், தாழ்வாரம், முற்றம், தாழ்வாரம் என்று தெருவிலிருந்து உள்நோக்கி அடுக்கினார். ஒவ்வொரு முற்றமும் வெளியாரை ஒரு படி நிறுத்திவைக்கிறது. வீடாக இருந்தால் முதல் முற்றத்தோடு விருந்தாளி நிற்பார். அலுவலகமானால் வாடிக்கையாளர் இரண்டாவது வரை வருவார். உணவகமானால் எல்லா முற்றத்திலும் மேசை போடலாம், சமையலறை மட்டும் பின்னால். தாழ்வாரத்தைத் தாங்குபவை கருங்கல் பீடத்தில் நிற்கும் தென்னை மரத் தூண்கள். அறையின் பெயரை மாற்றினால் போதும், சுவரை மாற்ற வேண்டாம் என்ற நிலைக்கு இந்த ஒழுங்கு இட்டுச்சென்றது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நம் பழைய வீடுகள் வைத்திருந்த வரிசையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

பாவாவின் மற்ற வேலைகளிலும் இந்தப் போக்குவரத்து இருந்தது. துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கு 1960களின் தொடக்கத்தில் முற்றம் வைத்த வீடு கட்டித் தந்தார். சில ஆண்டுகளில் பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக்கு அவரையே கூப்பிட்டுப் பத்திக் துணியால் கூரை அமைக்கச் செய்தார். வீட்டில் பழகிய கை ஹோட்டலுக்கு வந்தது. கொழும்பில் அரசு அடமான வங்கிக்காக 1970களில் எழுப்பிய பல அடுக்குக் கட்டடத்தை, ஏ.சி.யை மட்டும் நம்பாமல் காற்று குறுக்கே ஓடும்படி ஒடுக்கமாகத் திட்டமிட்டார். வீட்டுக்குச் செய்த அதே யோசனை, உயரம் மட்டும் வேறு. பல ஆண்டுகள் அவருடைய பங்காளியாக இருந்து இந்தக் கட்டடங்களை நிற்கவைத்தவர் பொறியாளர் கே. பூலோகசுந்தரம் என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம். 1970களில் மதுரை கிளப்பை வரைந்தபோது உள்ளூர்க் கல்லையும் இடித்த கட்டடங்களிலிருந்து வந்த பழைய பாகங்களையும் பாவா பயன்படுத்தினார்.

பாவாவைப் படித்துவிட்டு அப்படியே காப்பியடிக்கும் வேலையும் இப்போது நடக்கிறது. இருபதடி அகல மனையில் நடுமுற்றம் வைத்து, அதில் சிறு குளம் விட்டு, வடிகால் வைக்க மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் முற்றத்து நீர் கூடத்துக்குள் வருகிறது, கார்த்திகையில் கொசு. அடுத்த ஆண்டு முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட் வந்துவிடும். சூடு வெளியே போக இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். பாவாவிடம் பணம் படைத்த வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், தோட்டக்காரர்கள் இருந்தார்கள். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையை, குளத்தை அல்ல.

சிக்கனத்தில் இதே வேலையைச் செய்துகாட்டியவர் திருவனந்தபுரம் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் பொந்து விட்டுக் கட்டும் 'ராட் டிராப்' முறையை ஏழைகள் வீடுகளில் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். நடுப்பொந்து சூட்டையும் தடுக்கும். வீடுகளில் சன்னலுக்குப் பதில் வைத்த செங்கல் சல்லடைச் சுவரைத் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸிலும் வைத்தார். அந்தக் காபிக் கடை ஓர் உருளை. உள்ளே படியே இல்லை. தரை சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. ஓரமாகக் கட்டடத்தோடு கட்டடமாக மேசையும் இருக்கையும். குட்டி மனையில் அத்தனை மேசை வேறு எந்த விதத்திலும் அடங்கியிருக்காது. மேசை நாற்காலிக்குத் தனிச் செலவு இல்லை என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்கலாம்.

விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே ஆரோவில் இருக்கிறது. அங்குள்ள மண் கட்டடக் கலை நிறுவனம், ஹட்கோ உதவியோடு 1989இல் தொடங்கியது. செம்மண்ணோடு ஐந்து விழுக்காட்டளவு சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் நான்கு வாரம் ஈரம் காத்து எடுக்கும் கற்களை அது பரவலாக்கியது. அந்தக் கற்களால் அங்கே குடியிருப்புகளும் எழுந்தன. விற்பனையகங்களும் உணவகமும் உள்ள பார்வையாளர் மையமும் எழுந்தது. பார்வையாளர் மையத்துக்கு 1992இல் எளியோர் கட்டடக் கலைக்கான ஹசன் ஃபத்தி விருது கிடைத்தது. பூசாத மண்சுவர் வீட்டில் அமைதியாகத் தெரியும், கடையிலும் பொருளை எடுத்துக்காட்டும். ஆனால் எல்லா மண்ணும் ஒத்துவராது; களிமண் கூடிய ஏரிமண்ணில் வெடிப்பு வரும். மண்ணைச் சோதிக்காமல், இந்தக் கல்லில் பழகிய கொத்தனார் இல்லாமல், மலிவு என்று மட்டும் கேட்டு இறங்குவது வீண். ஊர்க் கருங்கல்லை அடித்தளத்துக்கும், சூளைச் செங்கல்லைச் சுவருக்கும் வைத்துக் கட்டும் வழக்கமான முறையே பலருக்கு இன்னும் பாதுகாப்பான வழி.

இனி, சாலையோர மனை ஒன்றை நெருங்கிப் பார்க்கலாம். அகலம் 20 அடி, நீளம் 60 அடி. முன்னால் கடை, பின்னால் வீடு என்பது உரிமையாளர் விருப்பம். வழக்கமான வரைபடத்தில் அகலம் முழுவதையும் கடை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் கடை வழியாகவே போய்வர வேண்டும். கடையை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து சிக்கல் தொடங்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளை, பால்காரர், வயதான பெற்றோர் எல்லோருக்கும் அந்த ஷட்டர்தான் வாசல். கடை பூட்டினால் வீடும் பூட்டியதுதான். இரண்டையும் சேர்த்து யோசிக்கும் வடிவமைப்பாளர் முதலில் நாலடிச் சந்து ஒன்றைப் பக்கத்தில் ஒதுக்குவார். கடைக்கு 16 அடி மிஞ்சும், அது தாராளம். சந்தின் வாயில் திண்ணை, உள்ளே சென்றால் ரேழி, பிறகு கூடம். மாடிப்படி சந்திலிருந்தே ஏறும். மாடியை யாருக்கு விட்டாலும் கீழ்வீட்டின் கூடத்தை மிதிக்க வேண்டியதில்லை. வெல்லமண்டி, மிளகாய் அரவை, டிபன் கடை என்று கடையில் எது வந்தாலும் நெடியும் சத்தமும் வீட்டுக்கு வராதபடி நடுச்சுவர் தளம் வரை முழுசாக எழ வேண்டும். மேலே காற்றுத்துளை விடும் பழக்கம் இந்த ஒரு சுவருக்கு ஆகாது.

அதே மனையில் மட்டம் இன்னொரு சிக்கல். வீடு உயரமாக இருந்தால்தான் அழகு என்றும், சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டே வருகிறது என்றும் இரண்டரை அடிக்கு அடித்தளத்தைத் தூக்குகிறார்கள். இரண்டாவது காரணம் முற்றிலும் நியாயமானது. ஆனால் சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ ஏறும் சாய்தளம் ஓரடி ஏற பன்னிரண்டு அடி ஓட வேண்டும் என்பது விதி. இரண்டரை அடிக்கு முப்பதடி வேண்டும். அவ்வளவு இடம் யாரிடமும் இல்லாததால், செங்குத்தான ஒரு சிமென்ட் சறுக்கு கால்வாய்க்கு மேல் நீட்டப்படுகிறது. மழையில் வாடிக்கையாளர் வழுக்குகிறார். சாலை விரிவாக்கம் வரும்போது அதுவே முதலில் இடிபடும். தீர்வு, கடையின் மட்டத்தைச் சாலைக்கு ஓரடிக்குள் வைத்து, தாழ்வாரத்தின் நீளவாட்டில் சாய்தளம் ஓடவிட்டு, வீட்டின் மட்டத்தை மட்டும் உள்ளே மூன்று நான்கு படி ஏற்றுவது. சாலை பிற்பாடு உயர்ந்தால் கடைத்தரை மேல் மண்ணடித்து டைல்ஸ் மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்று ஷட்டரின் உயரத்திலும் கூரையின் உயரத்திலும் முக்காலடி கூடுதலாக விட்டிருக்க வேண்டும்.

வீட்டை விடுதியாக்குகிறவர்கள் பெரும்பாலும் கட்டிலையும் திரையையும் பற்றியே யோசிக்கிறார்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் செட்டிநாட்டு வீடுகளையும், புதுச்சேரி தமிழர் தெருக்களில் திண்ணை வீடுகளையும் விடுதியாக்கியவர்களுக்கு உண்மையான செலவு தண்ணீரிலும் கழிவறையிலும்தான். வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், விடுதியில் படுக்கைக்கு 180 லிட்டர். ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை என்றால் இரண்டாயிரம் லிட்டரைத் தாண்டும். ஐந்து பேருக்கெனத் தோண்டிய செப்டிக் டேங்க் இதைத் தாங்காது. மழைநீர்ச் சேகரிப்பும் கழிவுநீர்க் குழியும் ஒன்றையொன்று நெருங்காமல் இடம் விடுவதைத் தரைத்தளம் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பிறகு எங்கே தோண்டினாலும் டைல்ஸ்தான்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியவை சில. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். கோட்டை மதிலை ஒட்டி மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கும் முன் இந்த அளவைப் பார்க்க வேண்டும். 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையவழி உடனடி அனுமதியைத் தமிழக அரசு 2024இல் கொண்டுவந்தது. அது குடியிருப்புக்கானது, முன்னால் கடை என்று நோக்கம் இருந்தால் அதை மறைத்து விண்ணப்பிப்பது பின்னால் வம்பு. மின் இணைப்பும் அப்படியே. இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வீட்டுக்கு மட்டும்தான். கடைக்குத் தனி மீட்டர், தனிக் கட்டணம். தொடக்கத்திலேயே இரண்டு வயரிங்காகப் பிரித்துவிட்டால் சுவரை மறுபடி கொத்த வேண்டாம்.

வடிவமைப்பாளரின் வேலைமுறை இரண்டிலும் வேறு வேகத்தில் ஓடும். கடையில் வாடகை ஓடத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நாளும் நட்டம்; ஆகவே பட்டறையில் செய்து கொண்டுவந்து மாட்டும் அலமாரி, கழற்றி எடுத்துப் போகக்கூடிய கவுன்ட்டர், பழுது பார்க்க எளிதான பிளைவுட் ஆகியவை பொருந்தும். ஐந்தாறு ஆண்டில் தோற்றத்தை மாற்றவே வேண்டியிருக்கும். வீட்டில் அவசரம் கெடுதல். ஆசாரி நின்று நிதானமாகச் செய்த தேக்கு நிலை மூன்று தலைமுறை பார்க்கும். கடைக்கான பளபளப்பை வீட்டில் ஒட்டுவதும், வீட்டுக்கான விலையுயர்ந்த மரத்தைக் கடையில் போடுவதும் பணத்தை இடம் மாற்றி வைப்பதுதான். ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றி ஒரு சொல்: பத்தடி உயரம் கூட இல்லாத வீட்டுக் கூடத்தில் அதற்கு வேலையே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டும் முன்பு, வீட்டின் எந்தப் பகுதி என்றாவது ஒருநாள் கடையாகவோ உணவகமாகவோ விடுதியாகவோ மாறக்கூடும் என்று குடும்பத்தார் பொறியாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பொறியாளர் அந்தப் பகுதியின் பளுவை 200 கிலோவுக்கா 400 கிலோவுக்கா கணக்கிட்டார் என்பதை வரைபடத்திலேயே எழுதி, அதன் படி ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வைக்கச் சொல்ல வேண்டும். மேஸ்திரி அந்தத் தாளைப் பார்க்காமல் எந்தச் சுவரையும் உடைக்கக்கூடாது.